தரிஃபா ஆப்பிரிக்கத் திரைப்பட விழா

ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், அந்தலூசியாவின் காடிஸ் மாகாணத்தைச் சேர்ந்த தரிஃபா என்னும் சிற்றூரில் 2004 முதல் நடந்துவரும் விழா இது. ஸ்பானியப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஃப்.சி.ஏ.டி. என்பார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தில் எடுக்கப்பட்ட படங்களையும், பிற நாடுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் படங்களையும் ஸ்பானிய சப்டைட்டிலோடு திரையிடுகிறது. அல் தாரப் என்ற தன்னார்வ அமைப்பு இதை நடத்துகிறது. தொடக்கத்திலிருந்தே இதன் இயக்குநராக இருப்பவர் மானே சிஸ்நெரோஸ் என்ற பெண்மணி. 2012 முதல் 2015 வரை நான்கு ஆண்டுகள் இவ்விழா கோர்தோபா நகரில் நடந்தது. 2016 முதல் மீண்டும் தரிஃபாவிலும், கடலுக்கு அந்தப் பக்கம் மொராக்கோவின் டாஞ்சியர் நகரிலுமாக இரு கரைகளில் நடக்கிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்கப் படங்களுக்கென்று நடக்கும் விழாக்கள் பல. பெரும்பாலும் அவை பல்கலைக்கழகம் உள்ள ஊர்களில், அல்லது ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்கள் திரளாக வாழும் நகரங்களில் தோன்றியவை. தரிஃபாவில் பல்கலைக்கழகம் இல்லை. பெரிய நகரமும் அல்ல. மக்கள்தொகை ஏறக்குறைய 18,000. அப்படிப்பட்ட ஊரில் இந்த விழா ஏன் பிறந்தது என்று கேட்டால், கடற்கரையில் போய் நின்று எதிரே பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு விளக்கம் தேவைப்படாது.

இடம்

ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்முனை தரிஃபா. ஜிப்ரால்டர் நீரிணை இங்கேதான் மிகக் குறுகுகிறது. எதிர்க்கரையிலுள்ள மொராக்கோவுக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் ரிஃப் மலைகளின் மடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். இரவில் அங்கே ஓடும் வண்டிகளின் விளக்குகூடத் தெரியும். டாஞ்சியர் துறைமுகத்துக்கு விரைவுப் படகில் ஒரு மணி நேரப் பயணம்.

ஊரின் பெயரே அந்தக் கரையிலிருந்து வந்ததுதான். 710ஆம் ஆண்டு வேவு பார்க்கப் படையோடு வந்திறங்கிய பெர்பர் தளபதி தரிஃப் இப்ன் மாலிக்கின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. மறு ஆண்டு தாரிக் இப்ன் ஸியாத் பெரும்படையோடு வந்தார். ஜிப்ரால்டர் என்ற பெயர் அவரால் வந்தது. ஊரின் கோட்டையை 960இல் கட்டுவித்தவர் கோர்தோபாவில் இருந்து ஆண்ட கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான். அந்தக் காலத்தில் நீரிணை எல்லையாக இருக்கவில்லை. ஒரே உலகின் இரு பக்கங்களுக்கு நடுவே ஓடிய கால்வாய் போலத்தான் இருந்தது.

இன்று இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது காற்று. கிழக்கிலிருந்து அடிக்கும் லெவந்தே, மேற்கிலிருந்து அடிக்கும் பொனியெந்தே ஆகிய இரண்டும் மாறி மாறி வீசுவதால், பாய்மரப் பலகையிலும் பட்டக் கயிற்றிலும் அலைமேல் பறக்கும் இளைஞர்கள் ஐரோப்பா முழுவதிலுமிருந்து இங்கே வருகிறார்கள். இதே காற்று வேறு பயணங்களையும் கவிழ்த்திருக்கிறது. 1988 நவம்பர் 1 அன்று, ஊரை ஒட்டிய லோஸ் லான்செஸ் கடற்கரையில் ஓர் இளைஞரின் உடல் ஒதுங்கியது. டாஞ்சியரிலிருந்து சிறு படகில் புறப்பட்டுக் கவிழ்ந்தவர்களில் ஒருவர் அவர். படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையாளர் இல்தெஃபோன்சோ சேனா எடுத்த அந்தப் புகைப்படம், நீரிணையில் நிகழும் மரணங்களை ஸ்பெயின் மக்களுக்கு முதன்முதலில் காட்டியது. 1991இல் மொராக்கோ நாட்டவருக்கு விசா கட்டாயமான பிறகு இத்தகைய படகுகள் பெருகின. பத்தேரா என்ற தட்டையடி மீன்பிடிப் படகின் பெயர் செய்தித்தாள்களில் அன்றாடச் சொல்லாயிற்று. தரிஃபாவின் கல்லறைத் தோட்டத்தில் பெயர் தெரியாதவர்களுக்கென்று ஒரு பொதுக் கல்லறை உண்டு. ஊரோடு ஒரு தடுப்பணைச் சாலையால் இணைந்திருக்கும் பாலோமாஸ் தீவில் கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. அந்தத் தீவிலேயே, அனுமதியின்றிக் கரையேறியவர்களை அடைத்துவைக்கும் தடுப்பு மையமும் இயங்கிவந்திருக்கிறது.

சுற்றுலாப் பயணி, மீனவர், எல்லைக் காவலர், கரையேறியவர் என்று எல்லோரும் ஒரே மணலில் நடக்கும் ஊர் இது. ஆப்பிரிக்கா என்றாலே படகும் பிணமும்தான் என்று ஒரு தலைமுறையே எண்ணிப் பழகிவிட்ட சூழலில் இந்த விழா தொடங்கியது. ஆப்பிரிக்கரைப் பற்றி மற்றவர் எடுத்த செய்திப் படத்துக்குப் பதிலாக, ஆப்பிரிக்கர் தம்மைப் பற்றித் தாமே எடுத்த படத்தைக் காட்டுவது என்ற எளிய எண்ணமே இதன் அடிப்படை.

முன்வரலாறு

ஆப்பிரிக்க சினிமாவை வெளிநாட்டில் காட்டும் வழக்கத்துக்கு ஒரு விந்தையான பின்னணி இருக்கிறது. அந்த சினிமாவே ஒருவகையில் வெளிநாட்டில்தான் பிறந்தது. 1934இல் வந்த லவால் ஆணைப்படி, பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனிகளில் படம் எடுக்க ஆட்சியாளரின் முன் அனுமதி வேண்டும். பாரிஸில் சினிமா படித்த பவுலின் சுமானு வியேராவும் நண்பர்களும் தங்கள் மண்ணில் எடுக்க முடியாத படத்தை 1955இல் பாரிஸ் தெருக்களிலேயே எடுத்தார்கள். சஹாராவுக்குத் தெற்கே பிறந்தவர்கள் எடுத்த முதல் படமாகப் பெரும்பாலும் சொல்லப்படும் 'ஆப்பிரிக் சுர் சேன்' அதுதான். செனகலின் உஸ்மான் செம்பேன் 1963இல் 'போரோம் சாரெட்' என்ற குறும்படத்தையும், 1966இல் பிரான்சுக்கு வேலைக்காரியாகப் போகும் பெண்ணைப் பற்றிய முழுநீளப் படத்தையும் எடுத்தார். 1966இலேயே துனீசியாவில் கார்தேஜ் விழாவும், 1969இல் அன்றைய அப்பர் வோல்ட்டாவின் (இன்றைய புர்கினா ஃபாசோ) வாகடூகு நகரில் ஃபெஸ்பாகோ விழாவும் தொடங்கின.

எடுப்பதைவிடக் காட்டுவதுதான் கடினமாக இருந்தது. பிரெஞ்சு பேசும் மேற்கு ஆப்பிரிக்காவில் கொமாசிகோ, செக்மா என்ற இரண்டு பிரெஞ்சு நிறுவனங்களின் பிடியில் திரையரங்குகள் இருந்தன. அங்கே மேற்கத்தியப் படமும் இந்தியப் படமும் ஓடின; உள்ளூர்ப் படம் ஓடவில்லை. 1970இல் அப்பர் வோல்ட்டா அரசு தன் நாட்டுத் திரையரங்குகளை அரசுடைமையாக்கியதற்கு இந்த இழுபறியே காரணம். பின்னால் 1980களிலும் 90களிலும் பொருளாதாரச் சீரமைப்பு என்ற பெயரில் அரசுச் செலவுகள் வெட்டப்பட்டபோது, பல நாடுகளில் திரையரங்குகள் கிடங்குகளாகவும் வழிபாட்டுக் கூடங்களாகவும் மாறின. கேமரூனில் 2009க்குள் யாவுண்டே, டுவாலா நகரங்களின் பெரிய அரங்குகளும் மூடிவிட்டன. சொந்த ஊரில் திரை கிடைக்காத படத்துக்கு வெளிநாட்டு விழாதான் முதல் திரை, பல வேளைகளில் ஒரே திரை.

அந்த விழாக்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இத்தாலியின் வெரோனாவில் 1981இல் தொடங்கிய விழாவின் பின்னால் இருந்தவர்கள் கத்தோலிக்க மறைப்பணியாளர்கள். கனடாவின் மாண்ட்ரியலில் 1985இல் 'வ்யூ தாஃப்ரிக்' வந்தது. மிலான் விழா 1991இல் தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஒரு சமுதாயக் கல்லூரியின் ஆசிரியர்கள் கேஸ்கேட் ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. நியூயார்க்கில் சியரா லியோனில் பிறந்த மாஹென் பொனெட்டி 1993இல் முதல் விழாவை நடத்தினார். ஸ்பெயின் இந்த வரிசையில் தாமதமாகத்தான் வந்தது. ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினியும் மேற்கு சஹாராவும் அதன் காலனிகளாக இருந்தவை; செயுத்தாவும் மெலியாவும் இன்றும் அதன் கையில் இருக்கின்றன. இருந்தும் ஆப்பிரிக்கப் படம் பார்க்கும் பழக்கம் அந்நாட்டில் வேரூன்றவில்லை. 2003இல் ஸ்பானியத் திரைத்துறையினரின் துணையோடு அல்ஜீரியப் பாலைவனத்தில், மேற்கு சஹாராவைச் சேர்ந்த சஹ்ராவி மக்களின் அகதி முகாம்களில் ஃபிசஹாரா விழா தொடங்கியது. மறு ஆண்டு தரிஃபா.

மிலான் விழா தன் பெயரில் ஆசியாவையும் லத்தீன் அமெரிக்காவையும் சேர்த்து விரிந்ததும் அதே 2004இல்தான். தரிஃபா இன்றுவரை ஆப்பிரிக்காவோடு நின்றுகொண்டது. எதிரே தெரிவது ஆப்பிரிக்கா மட்டும்தானே.

தரிஃபாவின் முதல் ஆண்டுகள்

'தாரப்' என்ற அரபுச் சொல் இசையில் மெய்மறந்து போகும் நிலையைக் குறிக்கும். நீரிணையின் இரு கரைப் பண்பாடுகளையும் அறிமுகப்படுத்தும் நோக்கில் அமைந்த அல் தாரப் அமைப்பு, சினிமாவைக் கையில் எடுத்தபோது முதலில் மோதியது மொழிச் சிக்கலோடு. வோலோஃப், பம்பாரா, மோரே, அம்ஹாரிக், அரபு என்று பேசும் படங்கள், கிடைத்தால் பிரெஞ்சு சப்டைட்டிலோடு கிடைத்தன. படங்களுக்குப் பணம் பெரும்பாலும் பாரிஸிலிருந்து வந்ததால், சப்டைட்டிலும் அந்த மொழியிலேயே இருந்தது. ஸ்பானிய மொழியில் எதுவும் இல்லை. ஆகவே விழா நடத்துவது என்பது படத்தை வரவழைத்து ஓட்டுவதோடு முடியவில்லை. வசனத்தை மொழிபெயர்க்க வேண்டும், காட்சியின் நேரத்துக்கேற்பப் பிரிக்க வேண்டும், திரையிடும்போது வரிவரியாக ஓட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பல டஜன் படங்களுக்கு இதைச் செய்தார்கள்.

விழாவின் ஆகப் பெரிய கொடை இதுவே என்று சொல்லலாம். திரையிடல் பத்து நாளில் முடிந்துவிடும்; சப்டைட்டில் அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் சேர்ந்த இந்தப் படங்களை, உரிமையாளர்களின் இசைவோடு பள்ளிகளுக்கும் பண்பாட்டு மையங்களுக்கும் பிற விழாக்களுக்கும் அனுப்பும் திட்டம் 'சினேநோமதா' என்ற பெயரில் உருவானது. நாடோடி சினிமா என்று பொருள். ஸ்பானியம் பேசும் நாடுகள் லத்தீன் அமெரிக்கா முழுவதும் இருப்பதால், தரிஃபாவில் தட்டச்சு செய்த வரிகளுக்கு அந்தச் சிற்றூரைவிடப் பன்மடங்கு பெரிய வாசகர் வட்டம் காத்திருந்தது.

விழாவின் முதன்மைத் திரை ஊரின் அலமேதா அரங்கு. தொடக்க ஆண்டுகளில் தந்த விருதுகளுக்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் குலவரலாறுகளைப் பாடிக் காக்கும் பாணரின் பெயரால் 'கிரியோ' என்று பெயரிட்டார்கள். கருத்தரங்குக்கு 'சொற்களின் மரம்' என்று பெயர். ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் கூடிப் பேசித் தீர்க்கும் ஆப்பிரிக்க வழக்கிலிருந்து எடுத்தது. பள்ளி மாணவர்களுக்குத் தனித் திரையிடல்கள் உண்டு.

பெயர் வைப்பதில் இவர்களுக்கு ஒரு தேர்ச்சி இருந்தது என்றே சொல்ல வேண்டும். முழுநீளப் படங்களின் போட்டிப் பிரிவுக்குப் பின்னாளில் வைத்த பெயர் 'ஹிப்பர்மெத்ரோப்பியா'. கண் மருத்துவர் சொல்லும் தூரப்பார்வைக் கோளாறு அது: தொலைவில் இருப்பது தெளிவாகத் தெரியும், பக்கத்தில் இருப்பது மங்கலாக இருக்கும். ஹாலிவுட்டைத் துல்லியமாக அறிந்த பார்வையாளருக்கு 14 கிலோமீட்டர் தள்ளியிருப்பது தெரியவில்லை என்பதைச் சொல்ல ஒரு முழுக் கட்டுரை தேவைப்பட்டிருக்கும். இவர்கள் ஒரு நோயின் பெயரால் முடித்துவிட்டார்கள்.

பணம் ஸ்பானிய அரசின் சர்வதேச ஒத்துழைப்பு அமைப்பு, அந்தலூசிய அரசு, நகராட்சி போன்ற பொது நிதிகளிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவோடு உறவு பேண 2006இல் கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் நிறுவப்பட்ட 'காசா ஆப்பிரிக்கா'வும் துணை நின்றது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஸ்பெயின் அரசு ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பியதற்கு ஒரு காரணம், 2006இல் மட்டும் கனேரித் தீவுகளில் 30,000க்கும் மேற்பட்டோர் மரப்படகுகளில் வந்திறங்கியது. எல்லைக் காவலுக்கும் பண்பாட்டுக்கும் ஒரே காலத்தில் காசு ஒதுக்கினார்கள். விழாவை ஆதரித்த அரசும் அதன் விருந்தினருக்கு விசா தருவதா வேண்டாமா என்று தீர்மானித்த அரசும் ஒன்றுதான். வெளிநாடுகளில் நடக்கும் எல்லா ஆப்பிரிக்கத் திரைப்பட விழாக்களுக்கும் தெரிந்த நெருக்கடி இது: படம் வந்து சேர்ந்துவிடும், இயக்குநர் தூதரக வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

கோர்தோபா ஆண்டுகள்

2008க்குப் பிறகு ஸ்பெயினை உலுக்கிய பொருளாதார நெருக்கடியில் பண்பாட்டுச் செலவுகள் முதலில் வெட்டப்பட்டன. சிறிய நகராட்சிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் தவித்தன. 2012இல் ஒன்பதாவது விழா தரிஃபாவை விட்டுக் கோர்தோபாவுக்குப் போனது. அந்த நகரம் 2016ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டத்துக்குப் போட்டியிட்டு, 2011இல் சான் செபாஸ்தியானிடம் தோற்றிருந்தது. அந்தலூசியத் திரைப்படக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. அரபு உலகத்தோடு உறவு பேணும் 'காசா அராபே'வுக்கும் அங்கே ஒரு கிளை உண்டு. பெரிய நகரம், கூடுதல் திரைகள், பல்கலைக்கழக மாணவர்கள் என எல்லாம் கிடைத்தன. விழா கோர்தோபாவின் பெயரைத் தாங்கியது. எண்ணிக்கையை மட்டும் தரிஃபாவிலிருந்து தொடர்ந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தரிஃபாவில் கோட்டை கட்டச் சொன்ன நகரத்துக்கே விழா குடிபெயர்ந்ததில் ஒரு சரித்திரப் பொருத்தம் இருந்தது உண்மை. ஆனால் கோர்தோபாவிலிருந்து ஆப்பிரிக்கா தெரியாது. அங்கே அது நல்ல விழாக்களில் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். 2015இல் பன்னிரண்டாவது விழாவோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

இரு கரைகள்

2016இல் பதின்மூன்றாவது விழா தரிஃபாவுக்குத் திரும்பியபோது டாஞ்சியரையும் சேர்த்துக்கொண்டது. தரிஃபா–டாஞ்சியர் ஆப்பிரிக்கத் திரைப்பட விழா என்பது புதிய பெயர். ஒரே விழா, இரண்டு கண்டங்கள், நடுவே படகு.

டாஞ்சியர் வெறும் துணை ஊர் அல்ல. 1923க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளின் கூட்டு ஆட்சியில் இருந்த நகரம். ஸ்பானியத் திரையரங்குகள் நிறைந்திருந்த இடம். பழைய கோட்டை நகரத்துக்கு வெளியே உள்ள பெரிய சந்தைச் சதுக்கத்துக்கு, 1947 ஏப்ரல் 9 அன்று சுல்தான் ஐந்தாம் முகம்மது அந்நகரில் ஆற்றிய உரையின் நினைவாக அந்தத் தேதியையே பெயராக வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில்தான் ரிஃப் திரையரங்கு. மூடும் நிலைக்கு வந்துவிட்ட அந்த அரங்கை, காட்சிக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமான யத்தோ பர்ராதாவும் நண்பர்களும் 2000களின் நடுவில் மீட்டு, டாஞ்சியர் சினிமாத்தேக் என்ற திரைப்பட மையமாக மாற்றினார்கள். முன்புறத்தில் ஒரு காப்பிக் கடை. பகலெல்லாம் இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஐரோப்பாவுக்குக் காட்டுவதற்காகத் தொடங்கிய ஒரு விழா, ஆப்பிரிக்கப் படத்தை ஆப்பிரிக்காவிலேயே காட்ட ஓர் இடத்தைக் கண்டுகொண்டது இப்படித்தான். கண்டத்தின் வடக்கும் தெற்கும் ஒன்றின் படத்தை மற்றது பார்ப்பது அரிது என்பதால், ரிஃப் அரங்கில் ஒரு செனகல் படமோ கென்யப் படமோ ஓடுவது சிறிய செய்தி அல்ல.

இந்த ஆண்டுகளில் விழாவின் இன்னொரு பக்கமும் வளர்ந்தது. படங்களை வாங்குவோர், தயாரிப்பாளர், தொலைக்காட்சி நிறுவனத்தார் ஆகியோர் இயக்குநர்களைச் சந்திக்கும் தொழில்முறைக் கூடுகைகள் அமைந்தன. படம் அனுப்புவதும் எளிதாயிற்று. ஃபெஸ்பாகோ போட்டியில் 2015 வரை 35 மி.மீ. படச்சுருள்தான் வேண்டும் என்ற விதி இருந்தது. கனமான பெட்டிகளை விமானத்தில் அனுப்ப வேண்டும். டிஜிட்டல் கோப்பு வந்தபின் குறைந்த செலவில் எடுத்த ஆவணப்படமும் குறும்படமும் சிறிய விழாக்களின் பட்டியலில் நிறைந்தன. தரிஃபாவில் குறும்படங்களுக்கென்று 'என் பிரேவே', அதாவது 'சுருக்கமாக', என்ற பிரிவு இருக்கிறது.

ஆப்பிரிக்கப் படங்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வி இத்தகைய விழாக்கள் எல்லாவற்றையும் துரத்துவது. 2002இல் கேம்பிரிட்ஜ் ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவைத் தொடங்கிய லிண்டிவே டோவி, விழாக்கள் ஆப்பிரிக்காவை எப்படித் தொகுத்துக் காட்டுகின்றன என்பதைப் பற்றி 2015இல் ஒரு நூலே எழுதினார். ஐரோப்பியப் பணத்தில், ஐரோப்பியர் தேர்வில், ஐரோப்பியர் பார்க்கும் ஆப்பிரிக்கா எந்த அளவுக்கு ஆப்பிரிக்கா? தரிஃபா விழாவும் இதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. டாஞ்சியரைச் சேர்த்துக்கொண்டதை இந்தக் கேள்விக்கான ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம், அரைப் பதில்தான்.

தொற்றுக்காலமும் பின்னரும்

2020 மார்ச்சில் மொராக்கோ தன் எல்லைகளை மூடியது. ஸ்பெயினோடு இருந்த பயணிகள் படகுப் போக்குவரத்து 2022 ஏப்ரல் வரை, கொரோனாவாலும் பிறகு இரு நாடுகளுக்கிடையே எழுந்த அரசியல் பிணக்காலும், நின்றுபோயிற்று. வசந்த காலத்தில் நடக்கவிருந்த பதினேழாவது விழா 2020 டிசம்பருக்குத் தள்ளிப்போய், பாதி அரங்கிலும் பாதி இணையத்திலுமாக நடந்தது. 2021 விழாவின்போதும் டாஞ்சியர் படகு ஓடவில்லை. இரு கரைகள் என்று பெயர் வைத்துக்கொண்ட விழாவுக்கு மறுகரை கண்ணுக்கு எதிரே இருந்தும் எட்டாத தொலைவாகிவிட்ட இரண்டு ஆண்டுகள் அவை. நீரிணையின் தென்கரையில் வாழும் ஆப்பிரிக்கருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. தரிஃபாக்காரர்களுக்குத்தான் அது முதல் அனுபவம்.

2023இல் இருபதாவது விழா நடந்தது. இன்று ஸ்பானிய மொழியில் ஆப்பிரிக்க சினிமாவைத் தேடுகிறவர்கள், நேராகவோ சுற்றிவளைத்தோ, இந்தச் சிற்றூரில் சேர்ந்த படத்தொகுப்பிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

விழா நாட்களில் தரிஃபாவிலிருந்து டாஞ்சியர் திரையிடலுக்குப் போக விரும்பும் ஸ்பானியர் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு காலைப் படகில் ஏறினால் போதும். படம் பார்த்து, சதுக்கத்தில் புதினா டீ குடித்து, அன்றே திரும்பிவிடலாம். டாஞ்சியர்வாசி தரிஃபா திரையிடலுக்கு வர வேண்டுமானால் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, தங்குமிட விவரம் எல்லாம் இணைக்க வேண்டும். அதனால்தான் அவர் பார்க்க வேண்டிய படங்கள் அவரிடம், ரிஃப் அரங்குக்கு, போகின்றன.